கழிமுக மட்டிகளின் நலத்தைக் கண்காணித்தல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கழிமுகங்களில் மட்டிப் படுகைகளைக் கணக்கெடுக்கத் தொடங்கும் மாணவர்களும், மட்டி எடுப்போர் குழுக்களும், தன்னார்வலர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கான விடைகள் இங்கே தொகுக்கப்பட்டுள்ளன. சேற்றில் இறங்கிச் சில ஆண்டுகள் எண்ணிய அனுபவத்திலிருந்து எழுதப்பட்டவை என்பதால், எது முக்கியம், எது அவ்வளவு முக்கியமில்லை என்பதில் எழுதியவரின் கருத்தும் கலந்திருக்கும்.

மட்டிகள் நிறைய இருந்தால் அந்தப் படுகை நலமாக இருக்கிறது என்று சொல்லிவிடலாமா?

சொல்ல முடியாது. ஒரு சதுர மீட்டருக்கு நூறு மட்டிகள் கிடைக்கும் படுகையில் அந்த நூறும் முதிர்ந்தவையாக இருந்து, கடந்த மூன்று ஆண்டுகளில் ஒரு குஞ்சுகூடப் படியாமல் போயிருந்தால், அது வெளித்தோற்றத்துக்குச் செழிப்பாகத் தெரிந்தாலும் உண்மையில் முடிவை நோக்கிப் போய்க்கொண்டிருக்கும் படுகைதான். மாறாக, இருபதே மட்டிகள் கிடைத்தும் அவற்றில் எல்லா அளவுகளும் கலந்திருந்தால் அந்தப் படுகை மீண்டு வருவதாகக் கொள்ள இடமுண்டு. ஆகவே நலம் என்பதை எண்ணிக்கை, அளவுப் பரவல், சதைப்பற்று, இறப்பு, நோய் ஆகிய ஐந்தையும் சேர்த்தே பார்க்க வேண்டும். இவற்றில் ஒன்றை மட்டும்தான் அளக்க முடியும் என்ற நிலை வந்தால், நான் அளவுப் பரவலையே தேர்ந்தெடுப்பேன்.

நீரைச் சோதித்தால் போதாதா? மட்டியை ஏன் பார்க்க வேண்டும்?

நீர் மாதிரி என்பது அதை எடுத்த அந்த ஒரு கணத்தின் செய்தி மட்டுமே. மட்டியோ இடம்பெயராமல் ஒரே சேற்றில் புதைந்து, மேலே நீட்டிய குழாய் வழியே நாள் முழுவதும் நீரை இழுத்து வடிகட்டி உண்பதால், அந்த இடத்தில் வாரக்கணக்காக, மாதக்கணக்காக நடந்தவற்றைத் தன் உடலில் பதிவு செய்து வைத்திருக்கிறது. இந்த இயல்பைப் பயன்படுத்தித்தான் அமெரிக்காவில் 1986 முதல் கடலோர மாசைக் கண்காணிக்கும் தேசியத் திட்டம் ஒன்று, மட்டியின் உறவினங்களான நீலச்சிப்பிகளையும் ஆளிகளையும் எடுத்து அவற்றின் சதையில் உலோகங்களையும் வேதிப்பொருள்களையும் அளந்து வருகிறது.

இன்னொரு காரணமும் உண்டு. மட்டிகள் நீரின் நிலையைக் காட்டுவதோடு நிற்பதில்லை, அதை மாற்றவும் செய்கின்றன. சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவில் 1986-இல் முதன்முதலாகக் காணப்பட்ட பொட்டமோகார்புலா அமுரென்சிஸ் என்னும் ஆசிய மட்டியினம், ஓரிரு ஆண்டுகளுக்குள் சில இடங்களில் சதுர மீட்டருக்குப் பத்தாயிரத்துக்கும் மேல் பெருகி, விரிகுடாவின் வடபகுதியில் ஆண்டுதோறும் கோடையில் தோன்றிவந்த மிதவைப் பாசிப் பெருக்கத்தையே ஏறக்குறைய இல்லாமல் செய்துவிட்டது. ஒரு மட்டியினம் பெருகுவதோ அழிவதோ கழிமுகம் முழுவதன் உணவுச் சங்கிலியையும் தொடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

எந்த நாளில், எந்த இடத்தில் மாதிரி எடுக்க வேண்டும்?

அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் நீர் மிக அதிகமாக வற்றும் என்பதால், படுகையின் தாழ்ந்த விளிம்புவரை நடந்து செல்ல அந்த நாட்களே ஏற்றவை. வற்றின் உச்சத்துக்கு ஒன்றரை மணி நேரம் முன்பே இறங்கி, வடியும் நீரைப் பின்தொடர்ந்து சென்று, ஏறும் நீர் துரத்தும்போது கரைக்குத் திரும்பிவிட வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறைதான் கணக்கெடுக்க முடியும் என்றால் ஒவ்வோர் ஆண்டும் அதே மாதத்தில் எடுப்பது கட்டாயம். இரண்டு முறை முடியுமானால் இனப்பெருக்கக் காலத்துக்கு முன்பு ஒன்றும், குஞ்சுகள் படிந்து கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு வளர்ந்த பின்பு ஒன்றுமாக வைத்துக்கொள்ளலாம்.

இடத்தைப் பொறுத்தவரை, மட்டி நிறைய இருக்கும் இடத்துக்குக் கால்கள் தாமாகவே போய்விடும் என்பதுதான் பெரிய இடர். படுகையை மணல் பகுதி, சேற்றுப் பகுதி, கடற்புல் பகுதி என்றும், கரையோரம், நடு, தாழ்விளிம்பு என்றும் முன்கூட்டியே பிரித்துக்கொண்டு, ஒவ்வொரு பகுதிக்குள்ளும் எந்தப் புள்ளியில் தோண்டுவது என்பதை வீட்டில் உட்கார்ந்தே குலுக்கல் முறையில் முடிவு செய்து, ஜி.பி.எஸ். கருவியில் ஏற்றிக்கொண்டு செல்லுங்கள். அந்தப் புள்ளியில் மட்டியே இல்லாவிட்டாலும் தோண்டித்தான் ஆக வேண்டும். பூஜ்யமும் ஒரு தரவுதான்.

ஒரு சட்டத்தை எப்படித் தோண்டி எண்ணுவது?

சட்டம் என்பது சேற்றின் மேல் வைத்து, அதற்குள் இருப்பவற்றை மட்டும் தோண்டி எண்ண உதவும் சதுர விளிம்பு. ஐம்பது செ.மீ. பக்கமுள்ள சதுரச் சட்டம் கால் சதுர மீட்டர் பரப்பைத் தரும் என்பதால் கணக்கிட எளிது. சட்டத்தைச் சேற்றின் மேல் வைத்தவுடன் தோண்டத் தொடங்கிவிடாமல், முதலில் மேற்பரப்பைப் பாருங்கள். குழாய்த் துளைகள் எத்தனை, பாசி மூடியிருக்கிறதா, சேற்றின் நிறம் என்ன என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு விளிம்பை ஒட்டி மண்வெட்டியை நேராக இறக்கி, இனத்தைப் பொறுத்துப் பதினைந்து அல்லது இருபது செ.மீ. ஆழம்வரை மொத்த மண்ணையும் வாளியில் அள்ளிச் சல்லடையில் கழுவ வேண்டும். ஆழமாகப் புதையும் இனங்களுக்கு இந்த ஆழம் போதாது.

தோண்டும்போது மேலடுக்கு பழுப்பாகவும், அதற்குக் கீழே கறுப்பாகவும் இருக்கும். கறுப்பு அடுக்கில் ஆக்சிஜன் இல்லை. அழுகிய முட்டை நாற்றம் வரும். பழுப்பு அடுக்கின் தடிமனை அளவுகோலால் அளந்து எழுதிக்கொள்வதற்கு அரை நிமிடம் போதும். ஆனால் கறுப்பு மண் ஆண்டுக்கு ஆண்டு மேலே ஏறி வருகிறது என்பதை வேறெந்தக் கருவியும் இவ்வளவு மலிவாகக் காட்டாது. கழுவி முடித்த சல்லடையில் முதலில் உயிருள்ளவை எதுவும் இல்லை என்றுதான் தோன்றும். சல்லடையை வெயிலுக்குச் சாய்த்துப் பிடித்து ஒரு நிமிடம் காத்திருந்தால், மணல்மணி என்று நினைத்தவற்றுள் சில மெல்லக் காலை நீட்டி நகரும். அவைதான் இந்த ஆண்டின் குஞ்சுகள்.

எத்தனை சட்டங்கள் தோண்ட வேண்டும்?

மட்டிகள் திட்டுத்திட்டாக வாழ்வதால் ஒரு சட்டத்தில் நாற்பதும் அடுத்ததில் ஒன்றுமில்லாமலும் கிடைப்பது இயல்பு. முதலில் பத்துச் சட்டங்கள் தோண்டிச் சராசரியையும் திட்ட விலக்கத்தையும் (எண்ணிக்கைகள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறுகின்றன என்பதன் அளவு) கணக்கிடுங்கள். திட்ட விலக்கத்தைச் சராசரியால் வகுத்து, வந்த எண்ணை நீங்கள் ஏற்கக்கூடிய பிழை விகிதத்தால் வகுத்து, விடையை அதனாலேயே பெருக்கினால் தேவையான சட்டங்களின் எண்ணிக்கை கிடைக்கும். சராசரி 12, திட்ட விலக்கமும் 12 என்று வைத்துக்கொள்வோம். சராசரியின் திட்டப் பிழை, அதாவது நாம் கண்ட சராசரி எவ்வளவு தவறக்கூடும் என்பதன் அளவு, 20 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டுமானால் 25 சட்டங்கள் போதும். 10 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டுமானால் 100 தேவைப்படும். பிழையைப் பாதியாக்க உழைப்பு நான்கு மடங்காகிறது என்பதை வேலையைத் தொடங்குமுன்பே குழுவினர் அனைவரும் உணர்ந்திருப்பது நல்லது.

சல்லடையின் கண் அளவு அவ்வளவு முக்கியமா?

மிக முக்கியம், இதை நாங்கள் பட்டுத்தான் தெரிந்துகொண்டோம். ஓர் ஆண்டு எங்கள் 1 மி.மீ. சல்லடை கிழிந்துபோனதால், கையில் கிடைத்த 2 மி.மீ. சல்லடையைக் கொண்டு வேலையை முடித்தோம். அதை யாரும் குறிப்பேட்டில் எழுதவில்லை. அடுத்த ஆண்டு தரவை வரைபடமாக்கிப் பார்த்தபோது அந்த ஒரே ஆண்டில் குஞ்சுகள் ஏறக்குறைய காணாமல் போயிருந்தன. வெள்ளமா, மாசா, நண்டுகளா என்று இரண்டு வாரம் காரணம் தேடிய பிறகுதான் ஒருவருக்குக் கிழிந்த சல்லடை நினைவுக்கு வந்தது. கண் அளவு, தோண்டிய ஆழம், எண்ணியவர் யார் ஆகிய மூன்றையும் ஒவ்வொரு தாளின் தலையிலும் எழுதும் பழக்கம் எங்களுக்கு அதன் பின்னரே வந்தது.

அளவுப் பரவலை எப்படிப் படிப்பது?

கிடைத்த மட்டிகள் ஒவ்வொன்றின் நீளத்தையும் காலிப்பரால் மில்லிமீட்டர் அளவுக்கு அளந்து, இரண்டு அல்லது ஐந்து மி.மீ. இடைவெளிகளாகப் பிரித்து, ஒவ்வோர் இடைவெளியிலும் எத்தனை என்று பட்டை வரைபடம் போட வேண்டும். நலமான படுகையில் பெரும்பாலும் ஒன்றுக்கு மேற்பட்ட மேடுகள் தெரியும். இடப்புறத்தில் குஞ்சுகளின் மேடு, அடுத்து முந்தைய ஆண்டில் படிந்தவற்றின் மேடு, வலப்புறத்தில் முதிர்ந்தவை என்று அது அமையும். ஒவ்வோர் ஆண்டும் இந்த மேடுகள் வலப்புறம் நகர்வதைக் கொண்டு வளர்ச்சி வேகத்தையும், நகரும்போது அவற்றின் உயரம் குறைவதைக் கொண்டு இறப்பு வீதத்தையும் கணிக்கலாம்.

கவனிக்க வேண்டியவை பள்ளங்கள். இடப்புற மேடு ஓர் ஆண்டு இல்லாமல் போவது பெரிய செய்தியன்று. மட்டியின் இளம்புழுக்கள் இரண்டு மூன்று வாரங்கள் நீரில் மிதந்து திரிந்த பிறகே மண்ணில் படிகின்றன என்பதால், நீரோட்டமோ மழையோ சற்றே மாறினாலும் ஓர் ஆண்டுக் குஞ்சுகள் முழுவதும் தவறிப்போகக்கூடும். அது மூன்று ஆண்டுகள் தொடர்ந்து இல்லாவிட்டால் அப்போது கவலைப்பட வேண்டும். குஞ்சுகள் ஒவ்வோர் ஆண்டும் நிறையப் படிந்தும் நடுத்தர அளவு மட்டும் தொடர்ந்து காணாமல் போனால், படிந்த பின் ஏதோ தின்கிறது அல்லது கொல்கிறது என்று பொருள். வலப்புற மேடு ஒரு குறிப்பிட்ட நீளத்தில் சுவர்போல வெட்டுப்பட்டு நின்றால், மனிதர் எடுக்கத் தொடங்கும் அளவு அதுவாகவே இருக்கும்.

ஓட்டின் வளையங்களை எண்ணி வயதைச் சொல்லலாமா?

எச்சரிக்கையோடு சொல்லலாம். குளிர்காலத்தில் வளர்ச்சி நின்றுபோகும் பகுதிகளில் ஆண்டு வளையம் தெளிவாக விழும். வெப்பமண்டலக் கழிமுகங்களில் மழைக்கால நன்னீர் வரத்து, முட்டையிடுதல், யாரோ தோண்டிக் கலைத்தது என்று பல காரணங்களாலும் வளையம் விழுவதால், வெளி ஓட்டில் தெரிபவை எல்லாமே ஆண்டுகள் அல்ல. ஓட்டை அறுத்து மெருகிட்டு உள்வரிகளைப் பார்ப்பதும், சில மட்டிகளில் அடையாளமிட்டு மீண்டும் படுகையில் விட்டு ஓராண்டு கழித்து எடுத்துச் சரிபார்ப்பதும்தான் நம்பத்தக்க வழிகள்.

உடல்நிலைக் குறியீடு என்றால் என்ன?

ஓட்டின் அளவோடு ஒப்பிடுகையில் உள்ளே எவ்வளவு சதை இருக்கிறது என்பதைக் காட்டும் எண் அது. முப்பது மட்டிகளை எடுத்து, சதையையும் ஓட்டையும் பிரித்து, 60 டிகிரி செல்சியஸில் எடை மேலும் குறையாத நிலைவரை உலர்த்தி, உலர்ந்த சதையின் எடையை உலர்ந்த ஓட்டின் எடையால் வகுத்து நூறால் பெருக்கினால் அந்த எண் கிடைக்கும். முட்டையிட்டு முடித்தவுடன் எந்த மட்டியும் மெலிந்துதான் போகும் என்பதால், ஒரு மாதத்து எண்ணை வேறொரு மாதத்து எண்ணோடு ஒப்பிடுவது வீண் பீதியைக் கிளப்பும். ஆய்வுக்கூடம் இல்லாதவர்களுக்கு இன்னும் எளிய சோதனை ஒன்று உண்டு: இருபது மட்டிகளை ஈரமண் நிரப்பிய தொட்டியில் மேலாகப் போட்டு, மேலே நீர் விட்டு, அவற்றில் பாதி புதைந்துகொள்ள எவ்வளவு நேரமாகிறது என்று பாருங்கள். நலிந்த மட்டி சோம்பலாகத்தான் புதையும்.

செத்த ஓடுகளையும் எண்ண வேண்டுமா?

கட்டாயம் எண்ண வேண்டும். இரண்டு ஓடுகளும் கீல் விடாமல் இணைந்து, உட்புறம் பளபளப்போடு இருப்பவை அண்மையில் இறந்தவை. உயிருள்ளவற்றுக்கும் இவற்றுக்கும் உள்ள விகிதம், இறப்பு கூடுகிறதா என்பதற்கான விரைவான அறிகுறி. ஓட்டைக் கையிலெடுத்துத் திருப்பிப் பாருங்கள். வட்டமாக, விளிம்பு சரிந்த ஒரு துளை இருந்தால் துளையிட்டு உண்ணும் நத்தையின் வேலை. ஓரம் சில்லுச்சில்லாக உடைந்திருந்தால் பெரும்பாலும் நண்டு. காயமே இல்லாத முழு ஓடுகள் கூட்டமாகக் கிடந்தால் நோயையோ, வெப்பத்தையோ, நன்னீர் வெள்ளத்தையோ, ஆக்சிஜன் பற்றாக்குறையையோ சந்தேகிக்க வேண்டும்.

எந்த நோய்களைத் தேட வேண்டும்?

இனத்துக்கும் இடத்துக்கும் தக்கபடி அது மாறும். ஆயினும் மூன்றைப் பற்றி அறிந்திருப்பது பயன்படும். ஒன்று, பெர்கின்சஸ் என்னும் ஒட்டுண்ணி. செவுள் துண்டைத் தையோகிளைகொலேட் என்ற வளர்ப்பு ஊடகத்தில் ஒரு வாரம்போல இருட்டில் வைத்து, பிறகு அயோடின் கரைசலிட்டு நுண்ணோக்கியில் பார்த்தால் அது கருநீல உருண்டைகளாகத் தெரியும். இரண்டாவது, விப்ரியோ டாபெட்டிஸ் என்னும் பாக்டீரியாவால் வரும் பழுப்பு வளைய நோய். 1987-இல் பிரான்சின் பிரிட்டனி கடற்கரையில் வளர்க்கப்பட்ட மணிலா மட்டிகளில் இது முதலில் கண்டறியப்பட்டது. ஓட்டின் உட்புறத்தில் விளிம்பையொட்டிப் பழுப்புப் படிவாகத் தெரிவதால் வெறுங்கண்ணுக்கே பிடிபடும். மூன்றாவது, வட அமெரிக்காவின் மென்னோட்டு மட்டியான மையா அரினேரியாவில் காணப்படும் இரத்தப் புற்றுநோய். புற்றணுக்களே ஒரு மட்டியிலிருந்து இன்னொன்றுக்குத் தொற்றுகின்றன என்பது 2015-இல் மரபணு ஆய்வால் உறுதிப்பட்டது. முற்றிய நிலையில் தெளிவாக இருக்க வேண்டிய உடல்நீர் பால்போலக் கலங்கியிருக்கும். இந்த நோய் மனிதருக்குப் பரவுவதில்லை.

எத்தனை மட்டிகளைச் சோதிப்பது என்பதற்கும் கணக்கு உண்டு. நூற்றில் ஐந்துக்கு நோய் இருக்கும் படுகையில், அறுபது மட்டிகளைச் சோதித்தால் குறைந்தது ஒன்றாவது நோயுற்றதாக அகப்பட 95 விழுக்காடு வாய்ப்பிருக்கிறது. நூற்றில் பத்துக்கு என்றால் முப்பது போதும். பத்து மட்டிகளைப் பார்த்துவிட்டு நோயே இல்லை என்று அறிக்கை எழுதுவது முறையாகாது.

நீரில் எவற்றை அளக்க வேண்டும்?

வெப்பநிலை, உவர்த்தன்மை, கரைந்த ஆக்சிஜன் ஆகிய மூன்றும் அடிப்படை. உப்புநீர் கனமானது, நன்னீர் அதன் மேலே மிதந்து ஓடும் என்பதால், மேற்பரப்பில் அளந்த உவர்த்தன்மை மட்டிக்குத் தொடர்பில்லாத எண்ணாகவே இருக்கக்கூடும். அடிமட்டத்தில் அளக்க வேண்டும். ஆக்சிஜன் லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்குக் கீழே போனால் அபாயம். அது விடியலுக்கு முன்புதான் மிகக் குறையும் என்பதால், பகல் பதினொரு மணிக்கு அளந்துவிட்டு நிம்மதி அடைய வேண்டாம். வெள்ளம் வந்தால் மட்டி ஓட்டை இறுக மூடிக்கொண்டு ஆக்சிஜன் இல்லாமலேயே சில நாட்களைக் கடத்திவிடும். நீர் சூடாக இருந்தால் அந்த நாட்கள் குறையும்.

உவர்த்தன்மையின் போக்கை மனிதர் மாற்றினாலும் மட்டியின் வாழ்வு மாறும். கேரளத்தின் வேம்பநாட்டுக் காயலில் உப்புநீர் ஏறாமல் தடுக்கக் கட்டப்பட்ட தண்ணீர்முக்கம் தடுப்பணைக்குத் தெற்கே கறுப்பு மட்டியின் நிலை தொடர்ந்து விவாதிக்கப்படுவது இதனால்தான்.

திடீரென்று கூட்டமாக இறந்து கிடந்தால் முதலில் என்ன செய்வது?

முதலில் புகைப்படம், இடம், நேரம். அடுத்து, அடிமட்ட நீரின் வெப்பமும் உவர்ப்பும் ஆக்சிஜனும். அதற்கடுத்து, இறந்தவற்றையல்ல, சாகும் தறுவாயில் இருப்பவற்றை எடுக்க வேண்டும். ஓடு திறந்து கிடந்து, தொட்டால் மெல்ல மூட முயல்பவை அவை. இறந்த சதை சில மணி நேரத்திலேயே அழுகிவிடுவதால் அதில் நோயைக் கண்டறிய இயலாது. ஒரு பகுதியை ஃபார்மலின் போன்ற நிலைப்படுத்தும் கரைசலிலும், மரபணுச் சோதனைக்கான இன்னொரு பகுதியை எத்தனாலிலும் இட வேண்டும். முந்தைய நாட்களின் ஓத நேரங்களையும் பாருங்கள். 2021 ஜூன் இறுதியில் வட அமெரிக்காவின் வடமேற்குக் கரையில் மட்டிகளும் சிப்பிகளும் பெருந்திரளாக மடிந்தபோது, வரலாறு காணாத வெப்ப அலையும் நடுப்பகலில் விழுந்த ஆழ்ந்த வற்றும் ஒரே நாட்களில் சேர்ந்துகொண்டிருந்தன.

மட்டி நலமாக இருந்தால் உண்ணத் தக்கது என்று பொருளா?

இல்லை. நச்சுப் பாசிகளை உண்ட மட்டி எந்த நலிவும் இல்லாமல் கொழுகொழுவென்று இருந்துகொண்டே, உண்பவரின் மூச்சை நிறுத்தக்கூடிய சாக்ஸிடாக்ஸினைச் சதையில் சேர்த்து வைத்திருக்கலாம். சமைப்பதால் அந்த நச்சு அழியாது. பல நாடுகளில் சதையின் கிலோவுக்கு 800 மைக்ரோகிராம் என்பதே இதற்கான வரம்பு. உணவுப் பாதுகாப்புச் சோதனை முற்றிலும் வேறு பணி. கணக்கெடுப்பவர்கள் தங்கள் தரவைக் கொண்டு அதற்குச் சான்று தரக்கூடாது.

மட்டி எடுப்பவர்களின் பதிவுகள் பயன்படுமா?

மிகவும் பயன்படும். ஒருவர் ஒரு மணி நேரத்தில் எவ்வளவு எடுத்தார், எந்தத் திட்டில் எடுத்தார் என்ற இரண்டு எண்கள் நாள்தோறும் கிடைத்தால், ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும் கணக்கெடுப்பு காட்டாத மாற்றங்கள் அதில் தெரியும். ஒரே ஒரு எச்சரிக்கை: நல்ல திட்டு தீர்ந்ததும் அனுபவசாலிகள் அடுத்த திட்டுக்கு நகர்ந்துவிடுவதால், படுகை முழுவதும் தேய்ந்துகொண்டிருக்கும்போதும் ஒரு மணி நேரத்து அறுவடை குறையாமலே இருக்கும்.

கேரளத்தின் அஷ்டமுடிக் காயலில் இனப்பெருக்கக் காலமான டிசம்பர் முதல் பிப்ரவரி வரை மட்டி எடுக்காமல் விடுவதும், 30 மி.மீ.க்குக் குறையாத கண்ணுள்ள வலையையே பயன்படுத்துவதும் நடைமுறைக்கு வந்தன. 2014-இல் அந்தக் காயலின் மட்டித் தொழில், கடல்வள மேற்பார்வை மன்றத்தின் நிலைத்த மீன்வளச் சான்றிதழை இந்தியாவில் முதன்முதலாகப் பெற்றது. அளவுப் பரவல் வரைபடத்திலிருந்து ஒரு விதி எப்படிப் பிறக்கிறது என்பதற்கு இந்த வலைக்கண் அளவு நல்ல சான்று: இத்தனை மி.மீ.க்குள் ஒருமுறையாவது முட்டையிட்டிருக்கும் என்று தெரிந்தால்தான் அதற்குக் கீழே உள்ளவற்றை விட்டுவிடச் சொல்ல முடியும்.

ஒரு கழிமுகத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது என்ன கவனம் வேண்டும்?

மண்வெட்டி, சல்லடை, காலணி அனைத்தையும் நன்னீரில் கழுவி முழுவதும் உலர்த்திய பிறகே அடுத்த இடத்துக்குக் கொண்டுசெல்லுங்கள். அளந்து முடித்த உயிர் மட்டிகளைத் தோண்டிய இடத்திலேயே விட்டுக் குழியையும் மூடிவிட வேண்டும். எக்காரணம் கொண்டும் வேறொரு கழிமுகத்தில் விடக்கூடாது.

எத்தனை ஆண்டுகளுக்குப் பிறகு ஒரு முடிவைச் சொல்லலாம்?

குஞ்சு படிதல் ஆண்டுக்கு ஆண்டு பல மடங்கு ஏறி இறங்கும் என்பதால், மூன்றாண்டுத் தரவைக் கொண்டு போக்கு எதையும் சொல்ல நான் துணிவதில்லை. ஐந்தாறு ஆண்டுகளில் ஓரளவு தெரியத் தொடங்கும். அதற்குள் குழுவில் ஆட்கள் மாறியிருப்பார்கள் என்பதால், புதியவரும் பழையவரும் ஒரே சட்டத்தைத் தனித்தனியாக எண்ணி ஒப்பிட்டுக்கொள்ளும் ஒரு நாளை ஆண்டுதோறும் ஒதுக்கி வையுங்கள்.